மாத்திரை எடுத்தும் மனச்சோர்வு ஏன் விடவில்லை?

"இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன், பெரிய மாற்றம் இல்லை. கடனும் வீட்டுச் சண்டையும் அப்படியே இருப்பதுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும். அது தூக்கத்தையும் பசியையும் மீட்டுத் தரலாம், கடனை அடைக்காது. தினமும் ஏச்சு வாங்கும் வீட்டுக்கே திரும்புகிறவர் தேறுவது மெதுவாகத்தான் நடக்கும். லண்டன் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் நடத்திய ஆய்வு 1978இல் வெளிவந்தது. வாழ்க்கையில் பெரிய அடி விழும்போது, மனம்விட்டுப் பேச நெருக்கமான துணை இல்லாதவர்களே மனச்சோர்வில் அதிகம் விழுந்தார்கள் என்று அது காட்டியது.

சின்ன விஷயங்களும் சிகிச்சையைக் கெடுக்கும். இரவுப் பணி முடிந்து, காலை ஏழு மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பவரிடம் 'ராத்திரி ஒன்று' என்று எழுதிய சீட்டு இருந்தால் என்ன செய்வார்? வேலையில் தூங்கிவிடுவோமோ என்று பயந்து மாத்திரையைத் தவிர்ப்பார். அப்புறம் "மருந்து கேட்கவில்லை" என்பார். பணி நேரத்தைச் சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார். சொல்வதில்லை, அதுதான் சிக்கல்.

அதற்காகச் சூழல் மாறும்வரை சிகிச்சை வீண் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் தெம்பு வந்தால்தான் கடன்காரரிடம் தவணை பேசவே முடியும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது கடன், சண்டை, தூக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருந்தோடு ஆலோசனை சிகிச்சையும் வேண்டுமா என்று கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் மட்டும் அதுவரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.