ஜூனில் வாங்கி மறந்துபோன சம்பங்கிக் கிழங்கை நவம்பரில் நடலாமா?

தாராளமாக நடலாம். ஜூன், ஜூலைதான் சம்பங்கிக்குப் பருவம்; ஆனாலும் கிழங்குக்குள் உணவு இருப்பதால் சில மாதத் தாமதத்தைத் தாங்கும். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வெங்காயம் போல் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது; மேல்தோல் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. கொழகொழவென்று அமுங்கி வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சென்னையில் இப்போது கவலை குளிரல்ல, வடகிழக்குப் பருவமழைதான். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதனால் தரையில் வேண்டாம். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து, நுனி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நட்டு, வெயில் படும் இடத்தில் வையுங்கள். முளை தெரியும்வரை மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பூக்க மூன்று நான்கு மாதம் ஆகலாம். அடுத்த ஜூனுக்கு மட்டும் எடுத்து வைக்காதீர்கள், அதற்குள் சக்கையாகிவிடும்.