கால்சியம் கொடுத்தும் எலும்பு முறிகிறதே?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. கால் எலும்பு இரண்டு முறை முறிந்துவிட்டது. இரண்டாவது முறை பாய் வழுக்கி உட்கார்ந்ததற்கே. கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்தாற்போல் இருக்கிறது. கால்சியம் டானிக் கொடுக்கிறோம். ஆட்டுக்கால் சூப்போ கொலாஜன் பவுடரோ கொடுத்தால் எலும்பு கெட்டிப்படுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கெட்டிப்படாது அம்மா. லேசான அடிக்கே முறிவு, கூடவே நீல வெண்விழி என்றால் முதலில் நினைக்க வேண்டியது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்ற பிறவிக் கோளாறு. கைக்குழந்தைகளுக்கு வெண்விழி சற்று நீலமாகத் தெரிவது இயல்புதான். இந்த வயதிலும் மாறாததே கவலை தருகிறது.

எலும்பில் கால்சியம் சிமென்ட் என்றால் கொலாஜன் என்ற புரதம் கம்பி. இங்கே பழுது கம்பியில். எலும்பிலுள்ள கொலாஜன், மூன்று புரி முறுக்கிய கயிறு. ஒவ்வொரு புரியிலும் மூன்றுக்கு ஓர் இடத்தில் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தால்தான் முறுக்கு இறுகும். அந்த இடத்தில் பெரிய அமிலம் ஒன்று உட்கார்ந்துவிட்டால் கயிறு கெட்டது. மூன்றில் இரண்டு புரிகளைத் தருவது சிஓஎல்1ஏ1 மரபணு. அதன் இரு பிரதிகளில் ஒன்று இப்படிப் பிழையானால், நான்கு கயிறுகளில் மூன்றில் கெட்ட புரி கலந்துவிடும். பிழையான பிரதி புரியே திரிக்காமல் நின்றுவிட்டால் கயிறு பாதியாகக் குறையும், ஆனால் அத்தனையும் நல்ல கயிறு. நோயும் லேசாக இருக்கும். நீலம் மாறாமல் நிற்பது பெரும்பாலும் இந்த லேசான வகையில்தான்.

சூப்பிலும் பவுடரிலும் உள்ள கொலாஜன் குடலில் துணுக்குகளாக உடைந்துவிடும். அவற்றைக் கொண்டு உடல் தன் மரபணு சொல்கிறபடியேதான் மறுபடி புரி திரிக்கும்.

குழந்தை எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரேயும் மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்த்தால் வைட்டமின் டி, கால்சியம் போன்றவை குறைந்து எலும்பு மெலியும் ரிக்கெட்ஸா என்பதும் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் பாமிட்ரோனேட் அல்லது சோலெட்ரோனேட் என்ற மருந்தை டிரிப்பாக ஏற்றுவார்கள். அது கொலாஜனைத் திருத்தாது. எலும்பு கரைவதைக் குறைத்து அடர்த்தியைக் கூட்டும். முதல் டிரிப்புக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வருவது வழக்கம். கால்சியம் குறைவாக இருக்கும்போது மட்டும் ஏற்றக் கூடாது.

வீட்டில் இன்றே நிறுத்த வேண்டியது ஒன்று: எண்ணெய் தேய்க்கும்போது கை கால்களை இழுத்துவிடுவதும் மடக்கிவிடுவதும். அக்குளில் பிடித்தும் தூக்காதீர்கள்; விரல்கள் விலாவை அழுத்தும். விரல்களை விரித்து ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறு கையைத் தோளுக்குப் பின்னாலும் கொடுத்துத் தூக்குங்கள். சட்டை போடும்போது, உங்கள் விரல்களைச் சட்டைக் கைக்குள் விட்டு அவள் கையைத் தாங்கி வெளியே கொண்டுவாருங்கள். அதற்காகப் பயந்து படுக்கையிலேயே வைத்துவிடாதீர்கள். மாவுக்கட்டோடு அதிக நாள் அசையாமல் கிடந்தாலே எலும்பு மேலும் மெலியும். கட்டு பிரித்தபின் இடுப்பளவு தண்ணீரில் கால் அசைக்கப் பழக்குவது நல்லது.

கேள்வி: நாங்கள் சொந்தத்தில் மணந்தவர்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இல்லையென்றால் பெரும்பாலும் இந்தக் குழந்தையில் புதிதாக வந்த பிழை. மறுபடி வருவது அரிது. ஆனால் சில அரிய வகைகள் இரு பக்கமும் மறைந்திருந்து வரும், சொந்தத்தில் மணந்தவர்களிடம் அதிகம். அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு. மகளின் மரபணு அறிக்கை கைக்கு வந்தபின் அடுத்த குழந்தையைப் பற்றி யோசியுங்கள்.