நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம் 6: அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா?

உங்கள் தம்பியின் இரத்த அறிக்கையைப் பார்த்து, அவருடைய குடல் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளணு வகைகளான நியூட்ரோஃபில் 78, லிம்ஃபோசைட் 13 விழுக்காடு என்பதிலிருந்து நீங்கள் கணக்கிட்ட 6 என்ற விகிதத்தை மட்டும் வைத்து, அவருடைய குரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி நோய்) முற்றிவிட்டது என்றோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும் என்றோ முடிவு செய்ய இயலாது.

அவர் இரண்டு வாரமாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு நியூட்ரோஃபில்களைக் கூட்டி லிம்ஃபோசைட்டுகளைக் குறைப்பதால், அழற்சி மாறாதபோதும் இந்த விகிதம் உயரும். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தான அசத்தியோபிரினும் எடுப்பவராக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் எடுத்த இரத்த அறிக்கையில் இதே விகிதத்தைக் கணக்கிட்டு, அழற்சியைக் காட்டும் பரிசோதனைகளான அதே நாளின் சி.ஆர்.பி. (இரத்தத்தில்) அளவோடும் மலத்தின் கால்புரோடெக்டின் அளவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டணுக்கள் 4.9 லட்சம் இருப்பது அழற்சியாலும் இரும்புச்சத்துக் குறைவாலும் நேரலாம். அழற்சி இருக்கும்போது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவைச் சந்தேகிப்பார்கள் என்பதால், 'நார்மல்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

என் பார்வையில், அறுவை மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியவை ஹீமோகுளோபின், அல்புமின் (இரத்தப் புரதம்), எடை இழப்பு, வயிற்றுக்குள் சீழ்க்கட்டி, ஸ்டீராய்டு அளவு ஆகியவை பற்றித்தான். அறுவைக்குப் பின் குடல் தையல் கசிவதற்கும் தொற்றுக்கும் இவற்றோடுதான் தெளிவான தொடர்பு உண்டு, இவற்றுள் பலவற்றை முன்கூட்டியே ஓரளவு சீர்செய்யவும் முடியும்.

ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் மறைக்கக்கூடும். முதிராத நியூட்ரோஃபில்கள் அறிக்கையில் குறிக்கப்பட்டிருந்தாலோ வயிற்று வலி கூடினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.