அப்பாவை ஏற்காட்டில் சேர்க்கலாமா? ராத்திரி 2 மணிக்கு யார் வருவார் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 79, ஏழு வருடமாக பார்க்கின்சன் (நடுக்கமும் இறுக்கமும் வருகிற நரம்பு நோய்). அம்மாவுக்கு 73, சர்க்கரை தவிர வேறு தொந்தரவு இல்லை. இந்த வருடம் மட்டும் அப்பா பாத்ரூமில் இரண்டு முறை விழுந்துவிட்டார். நான் பெங்களூரில், தங்கை மஸ்கட்டில். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் நான்கு மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஏற்காட்டில் ஒரு அசிஸ்டட் லிவிங் (வயதானவர்களின் அன்றாட வேலைகளுக்கு ஆள் வைத்து உதவுகிற) குடியிருப்பைப் பார்த்தோம், அருமையான இடம். டெபாசிட் 15 லட்சம், இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 65,000 ரூபாய். அழகாபுரம் வீட்டை விற்று சேர்த்துவிடலாமா என்று யோசனை. அம்மா சரி என்கிறார். அப்பா, "என்னைக் கொண்டுபோய்த் தள்ளப் பாக்கறீங்களா" என்று கேட்டதோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நிலைமைக்கு அசிஸ்டட் லிவிங் பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் மலைமேல் இருக்கிற அந்த இடம் வேண்டாம், வீட்டை இப்போது விற்கவும் வேண்டாம். மலை வேண்டாம் என்றதும் "காத்து நல்லா இருக்குமே, மனசுக்கு நிம்மதியா இருக்குமே" என்று எல்லோரும் சொல்வார்கள், நானே ஒரு காலத்தில் சொன்னவள்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாதிரி இடங்களில் மூன்று வகை கலந்து கிடக்கிறது, விளம்பரத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சமையல், துப்புரவு, வாட்ச்மேன் மட்டும் தருகிற சீனியர் லிவிங் ஒன்று. அன்றாட வேலைகளுக்குக் கைகொடுக்கிற அசிஸ்டட் லிவிங் இன்னொன்று. படுத்த படுக்கையாக இருப்பவர்களை 24 மணி நேரமும் நர்ஸ் வைத்துப் பார்க்கிற இடம் மூன்றாவது. யாருக்கு எது என்று முடிவு பண்ண, ஆறு வேலைகளை வைத்துக் கணக்குப் போடுவோம்: குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே எடுத்துச் சாப்பிடுவது. அப்பாவுக்கு இதில் எத்தனைக்கு ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்காதீர்கள். "எல்லாம் அவரே பண்ணிக்குவாரு" என்பார், தினமும் வேட்டி கட்டிவிடுவது ஒரு உதவி என்றே அவருக்குத் தோன்றாது. ஒரு நாள் லீவு போட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டில் சும்மா உட்கார்ந்து நீங்களே பாருங்கள்.

அன்றைக்கே ஒரு சின்னப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளட்டும், நீங்கள் போனில் நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு முறை விழுந்தவருக்கு அனேகமாகக் கூடத்தான் வரும், இருந்தாலும் குறித்து வையுங்கள், எங்கே சேர்த்தாலும் ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இனி நல்லது கெட்டது. இந்த ஏற்பாட்டால் முதலில் பிழைப்பது அப்பாவைவிட அம்மாதான், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 73 வயதில், ராத்திரி மூன்று தடவை எழுந்து ஒரு ஆளைத் தூக்கி நிறுத்துகிறவர் எத்தனை நாள் தாங்குவார்? அவர் இடுப்பு பிடித்துக்கொண்டால் உங்கள் வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர். அப்புறம், வீட்டுக்கு வருகிற அட்டெண்டர் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் போனதுதான், குடியிருப்பில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை நிறுத்துவது அவர்கள் தலைவலி. வேளாவேளைக்குச் சாப்பாடு, வாரத்தில் சில நாள் பிசியோதெரபி, பேச்சுத்துணை, எல்லாம் உண்மைதான். அந்த நடைக்கூடத்தில் தன்னைப் போலவே கை நடுங்குகிற இன்னொருவரைப் பார்த்தபிறகு காபி டம்ளரைப் பிடிக்க வெட்கப்படுவதை விட்ட மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கெட்டது என்று வந்தால், உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு முதல் கவலை மாத்திரை நேரம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரை மணி அடித்த மாதிரி போக வேண்டும். அரை மணி தள்ளினாலே சிலருக்கு உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகி, எடுத்த அடி அப்படியே நின்றுவிடும், அந்த நேரத்தில்தான் விழுவார்கள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரதச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தாலும் சரியாக ஏறாது, அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலோ ஒரு மணி பின்னாலோ கொடுக்கச் சொல்வது வழக்கம். ஆனால் இல்லங்களில் என்ன நடக்கிறது என்றால், ஒரு தட்டில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிய குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கப், அதில் பிபி, சுகர், கால்சியம், லெவோடோபா எல்லாம் ஒன்றாக, டிபன் முடிந்ததும் டேபிள் டேபிளாக வரும். கொடுக்கிற பெண்ணின் மேல் தப்பில்லை, அவள் இருபத்தைந்து பேருக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே நீங்கள் போய்ப் பார்க்கும்போது தோட்டத்தைக் காட்டச் சொல்லாமல் மாத்திரை கொடுக்கிற நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி நேரம் எழுதி, எதிரே கையெழுத்து இருக்கிறதா? எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்ட மாதிரி இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ராத்திரி. பார்க்கின்சன் இருப்பவர்களில் பலருக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும், கண் இருட்டும். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுகிற நேரம்தான் பொல்லாத நேரம். பகலில் நீங்கள் போகும்போது யூனிஃபார்மில் பத்துப் பேர் வணக்கம் சொல்வார்கள். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை எத்தனை பேர், அதில் தகுதி பெற்ற நர்ஸ் எத்தனை, ஆண் அட்டெண்டர் உண்டா, ஒரு ஆளுக்கு எத்தனை அறை, இதைக் கேளுங்கள். என் சித்தி கடைசி இரண்டு வருடம் இருந்த இடத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி இருந்தது, பாத்ரூமில் கைப்பிடியும் இருந்தது. மணி கீழே ரிசப்ஷனில் அடித்தது, ராத்திரியில் ரிசப்ஷனில் ஆள் கிடையாது. கைப்பிடியோ, கமோடில் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் நாலு விரல் தூரம் எட்டாது. யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள் அதில். இருபத்தைந்து வருடம் இதே துறையில் இருக்கிற எனக்கே சேர்க்கும்போது அது கண்ணில் படவில்லை. அதனால் சொல்கிறேன், கமோடில் நீங்களே உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். வீல்சேர் நுழைய கதவு 3 அடியாவது இருக்க வேண்டும், பாத்ரூம் வாசலில் படி இருக்கக்கூடாது.

சரி, மலைக்கு வருவோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த உயரம் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, காற்று மெலிதாக இருக்கும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம் (மோசமான நுரையீரல் நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்க வேண்டும்). என் கவலை வேறு. மார்கழிக் குளிரில் இறுகிய தசை இன்னும் இறுகும். பனி மூட்டத்தில் நடைபாதைக் கல் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். நீங்கள் ரசித்த அந்தச் சரிவான தோட்டத்தில், காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே, வாக்கர் வைத்து நடக்க முடியாது. சமதளம் இல்லாத இடத்தில் உங்கள் அப்பாவின் உலகம் ஒரு அறையும் ஒரு ஜன்னலும்தான், ஜன்னல் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன.

அதைவிடப் பெரியது, இறங்குவது. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலுதவிக்கு ஆகும். இடுப்பெலும்பு முறிந்தாலோ தலையில் அடிபட்டாலோ சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும், முறிந்த இடுப்போடு 20 வளைவுகளில் ஆம்புலன்ஸில் உருண்டு வருவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. மே மாதம் கோடை விழா கூட்டத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. நீங்கள் பெங்களூரிலிருந்து விழுந்தடித்து அடிவாரம் வரை வந்து அங்கே நிற்கவேண்டி வந்தால்?

இன்னொன்று, நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அட்மிட் ஆனால் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பார்கள். மாத்திரை வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, கையெழுத்துப் போட. பல குடியிருப்புகள் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. கூட இருக்க ஆள் அனுப்புவார்களா, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் உட்காரப்போவது உங்கள் அம்மா. சேலத்துக்குள்ளே என்றால் உங்கள் மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ ஸ்கூட்டரில் வந்து மாற்றிவிடுவார்கள். மலை மேலிருந்து தினமும் யார் இறங்கி ஏறுவது?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 65,000 என்பது இன்றைய அப்பாவுக்கான விலை. நாளைக்கு இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிவந்தால், டயப்பர் வந்தால், ஊட்டிவிட ஆள் வேண்டுமென்றால் அது எவ்வளவாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும். அறக்கட்டளையாகப் பதிவான இல்லங்கள் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்கும் இடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 25,000 வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது, தனியார் நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சாதாரண மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைத்தான் கொடுக்கும், இந்த மாதக் கட்டணத்தைக் கொடுக்காது. டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில், யார் கைக்குத் திரும்பும், இருவரில் ஒருவர் காலமானால் என்ன கணக்கு, இதெல்லாம் கேட்க நாக்கு கூசும், தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரியைத் தேடுங்கள்: எந்த நிலைக்கு வந்தால் "கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது? படுக்கையில் விழுந்தால், புத்தி தடுமாறினால், மூக்கில் குழாய் வைத்தால் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். பார்க்கின்சன் வருடா வருடம் கூடுகிற நோய், அந்த நாள் வரத்தான் செய்யும். வீட்டை விற்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வாடகைக்கு விடக்கூட ஒரு ஆறு மாதம் பொறுங்கள், திரும்ப வர ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தால் அப்பாவும் கொஞ்சம் இளகுவார்.

அவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அம்மாவிடம் பேசினீர்கள், தங்கையிடம் பேசினீர்கள், எனக்கு எழுதினீர்கள். பார்க்கின்சனில் முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரல் இறங்கிவிடும், பதில் வரத் தாமதமாகும், அதனால் பேசாமல் இருக்கிறார் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் பார்த்து, டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் இரண்டு முறை விழுந்ததைச் சொல்லி மாத்திரை நேரத்தை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், மருந்தைச் சரிசெய்தாலே சிலருக்கு விழுவது குறைகிறது. அப்புறம் கன்னங்குறிச்சி, கோரிமேடு, அடிவாரம் பக்கம், ஆஸ்பத்திரிக்கு அரை மணிக்குள் போய்விடக்கூடிய இடங்களாகப் பாருங்கள், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சேலத்தில் தேர்ந்தெடுக்க நிறைய இடம் இல்லை, கோயம்புத்தூரில்தான் அதிகம், ஆனால் சொந்தபந்தம் இருக்கிற ஊரை அதற்காக விட வேண்டாம். பிடித்த இடத்தில் டெபாசிட் இல்லாமல், ஒரு மாதம் தங்கிப் பார்க்கக் கட்டணம் கட்டி, இருவரையும் சேர்த்து அனுப்புங்கள், முதல் மூன்று ராத்திரி நீங்களும் விருந்தினர் அறையில் தங்குங்கள். ஒரு மாதம் தங்கிப் பார்க்க விடமாட்டோம் என்கிற இடத்தில் மேற்கொண்டு பேசவே வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு தடவை, சொல்லாமல், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் "போன் சார்ஜரை மறந்துட்டேன்" என்று ஏதாவது சாக்கு வைத்து அங்கே போய் நில்லுங்கள். கேட்டைத் திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.