டீச்சரிட்ட கேளுங்கோ: ஆறு இலக்கம் ஆருக்கும் இல்ல

கேள்வி: டீச்சர், மச்சாள்ட நம்பர்ல இருந்து வாட்ஸ்அப் வந்துது, "பிழையா உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், கெதியா அனுப்புங்கோ" எண்டு. நானும் அடுப்படியில நிண்டபடி யோசிக்காம அனுப்பிட்டன். கொஞ்ச நேரத்தில என்ர வாட்ஸ்அப் போயிட்டுது. பிறகு பார்த்தா நான் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எல்லாரிட்டயும் காசு கேட்டிருக்கிறனாம், வவுனியாவில பெரியம்மா 50,000 ரூபா போட்டிட்டா. இவருக்கு இன்னும் சொல்லேல்ல, வெக்கமாக் கிடக்கு. - உப்புவெளி வாசகி

பதில்: பிள்ளை, இண்டைக்கே அவரிட்ட சொல்லுங்கோ. நீங்க ஒளிச்சு வச்சிருக்கிற ஒவ்வொரு நாளும் கணக்கப் பிடிச்ச அந்தக் கள்ளன் உங்கட பேர்ல இன்னொராளிட்ட காசு கேட்டுக்கொண்டுதான் இருப்பான். சொந்தக்காரர் எல்லாருக்கும் சாதாரண கோல் எடுத்து "அது நானில்ல" எண்டு சொல்லுங்கோ. பெரியம்மா உடனே தன்ர பேங்குக்கு கோல் எடுக்கோணும், காசு போன கணக்கு நம்பரையும் சிலிப்பையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்கும் போகோணும், இணையப் பாதுகாப்பப் பாக்கிற இலங்கை சேர்ட்டின்ர (Sri Lanka CERT) 101க்கும் அறிவியுங்கோ.

நடந்தது என்னெண்டா, அவன் உங்கட நம்பர தன்ர போன்ல அடிச்சிருக்கிறான், அது உண்மையா உங்கட நம்பர்தானா எண்டு பாக்க வாட்ஸ்அப் உங்களுக்கு 6 இலக்கம் அனுப்பும், அது ஆரிட்ட இருக்கோ அவர்தான் அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர். மச்சாளோட கோவிக்காதீங்கோ, அவவின்ர கணக்கையும் இப்பிடித்தான் பிடிச்சிருப்பான். இப்ப வாட்ஸ்அப்பத் திறந்து உங்கட நம்பரத் திரும்பப் போடுங்கோ, புதுசா வாற கோட அடிச்ச உடனே அவன்ர போன்ல இருந்து அது கழண்டிடும். இடையில அவன் பின் நம்பர் போட்டு வச்சிருந்தா 7 நாள் பொறுக்கவேண்டி வரும், ஆனா அந்த நாள்களிலயும் அவனுக்கு கணக்கு இல்ல. பழைய மெசேஜுகளும் உங்கட போன்லதான் இருக்கு. கணக்கு வந்ததும் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன் எண்டு போய் உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பின் ஒண்டு போடுங்கோ, அது இருந்திருந்தா இந்தக் கோட் மட்டும் அவனுக்குக் காணாது.

கேள்வி: "கடல் வத்துதாம், சுனாமி வருதாம்" எண்டு ஒரு வொய்ஸ் வந்துது. பொய்யெண்டாலும் நாலு பேர் கவனமா இருப்பினம்தானே, அனுப்பினா என்ன? - சல்லி வாசகர்

பதில்: அனுப்பாதீங்கோ தம்பி. 2004 டிசம்பர் 26ஐ கண்ணால கண்ட ஊர் இது, அந்தச் சொல்லக் கேட்டா பிள்ளையளத் தூக்கிக்கொண்டு இருட்டில ஓடுவினம், வயசானவை விழுந்தெழும்புவினம். மூண்டு தரம் பொய்யா ஓடினவை நாலாந்தரம் உண்மையாச் சொல்லேக்க எழும்ப மாட்டினம், எனக்கு அந்தப் பயம்தான் பெரிசு. மெசேஜுக்கு மேல ரெண்டு அம்புக்குறி நிண்டா அது கன கை மாறி வந்தது எண்டு அர்த்தம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117க்கு எடுத்துக் கேளுங்கோ. ஆனா உங்கட கண்ணால கடல் வத்திறதக் கண்டா ஆரையும் கேட்டு நிக்காம மேட்டுக்கு ஓடுங்கோ.

கேள்வி: எங்கட ஏ.எல் பட்ச் குரூப்பில கூடப் படிச்ச பிள்ளையின்ர அந்தரங்கப் படம் வந்திருக்கு. நான் ஆருக்கும் அனுப்பேல்ல, பார்த்திட்டு பேசாம இருந்தன். பிழையா? - கிண்ணியா வாசகர்

பதில்: பிழைதான் தம்பி. அனுப்பினவன், நூறு பேரும் பேசாம இருக்கிறதப் பார்த்து எல்லாருக்கும் சம்மதம் எண்டு நினைப்பான். குரூப்பிலயே "இத அழி" எண்டு பேர் சொல்லி எழுதுங்கோ, ஒராள் எழுதினா மற்ற ரெண்டு பேருக்கும் வாய் வரும். குரூப் பேர், போட்ட நம்பர், நேரம் இதுகள எழுதி வச்சிட்டு, ரிப்போர்ட் பண்ணிட்டு உங்கட போன்ல இருந்து படத்த அழியுங்கோ. அந்தப் பிள்ளைக்கு 18 வயசு ஆகேல்லயெண்டா அத வச்சிருக்கிறதே தண்டனைச் சட்டக்கோவை 286ஏ பிரிவில குற்றம், சிறுவர் உதவி இலக்கம் 1929க்குச் சொல்லோணும். 18க்கு மேலயெண்டா அந்தரங்கப் படம் பரவுறதத் தடுக்கிற ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) எண்ட தளத்தில அவவே பதியலாம், படம் அவவின்ர போன விட்டு வெளிய போகாது, அதின்ர டிஜிட்டல் கைரேகை மாதிரி ஒண்டுதான் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி இடங்களுக்குப் போகும், அங்க ஆரும் ஏத்தினா பிடிபடும். வயசு குறைஞ்சவைக்கு டேக் இட் டவுன் எண்டு வேற தளம் இருக்கு.

அவவுக்கு இன்னும் தெரியாதெண்டா, அவ நம்புற சிநேகிதி ஒருத்தி மூலமா இண்டைக்கே சொல்லுவியுங்கோ, படத்தக் காட்டாம.