கழுவும் முன் டார்ச் அடியுங்கள்

கேள்வி: பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். எஞ்சின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் தென்னை நார்த் தூசியும். வாட்டர் சர்வீஸில் விட்டு அடிக்கலாமாங்க, அண்ணா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: பிரஷர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், தம்பி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், சென்சார் கனெக்டருக்குள் இறங்கினால் செலவு இழுக்கும். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிசுக்கு எங்கே ஈரமாக மினுங்குகிறதோ, அதற்கு மேலேதான் கசிவு இருக்கும். பெரும்பாலும் எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் வால்வு கவர் கேஸ்கெட். கழுவிவிட்டால் அந்தத் தடயமே போய்விடும். அப்புறம் எஞ்சின் ஆறியதும் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர், பிரஷ், பழைய துணி போதும். ரேடியேட்டர் இடுக்கில் நார்த் தூசி அடைத்திருந்தால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் வண்டி கொதித்துவிடும். எஞ்சின் இருக்கும் உள்பக்கமிருந்து மெதுவாகக் காற்றடிக்கச் சொல்லுங்கள். ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும், விற்றவர் என்ன சொன்னாலும் சரி, மாற்றிவிடுங்கள். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டியா? மாற்றிய பில் இல்லையென்றால் அதையும்.