மூணு கம்பெனி பாகல்ல நம்ம பந்தலுக்கு எது? ஆளுக்கு 20 சென்ட் பிரிச்சா தெரியாதுங்க

கேள்வி: வணக்கம் சார். தாராபுரம் பக்கம் 60 சென்ட் கல்லுப்பந்தல் இருக்குதுங்க. இப்ப பீர்க்கங்காய் முடியற நேரம், இன்னும் ரெண்டு மூணு பறிப்பு வரும். தைப்பட்டத்துக்கு பாகல் போடோணும். நாலு வருசமா ஒரே ஹைபிரிட்தான் போடறேன், இப்ப மூணு கம்பெனி ஆளுங்க வந்து எங்கது ஏக்கருக்கு இத்தனை டன்னு வரும்னு ஆளாளுக்கு சொல்றாங்க. மூணையும் 20, 20 சென்ட் போட்டுப் பாத்து, எது எச்சா காய்க்குதோ அதை அடுத்த வருசம் 2 ஏக்கர்ல போட்டுடலாம்னு இருக்கேன். கெழக்கால போர்வெல், மேக்கால தென்னை வரிசை, தென்கிழக்கு மூலையில போன வருசம் ஆட்டுப்பட்டி போட்டிருந்தோம். காய் ஒட்டன்சத்திரம் போகுது. இது சரியா வருமுங்களா?

பதில்: வணக்கமுங்க. கம்பெனிக்காரர் பேச்சை நம்பாம நம்ம தோட்டத்துலயே போட்டுப் பாத்துக்கலாம்னு நெனச்சீங்க பாருங்க, அது ரொம்ப சரி. ஆனா போடற விதம்தான் தப்பு.

கெழக்கிருந்து மேக்கால மூணு துண்டா பிரிச்சீங்கன்னா முதல் ரகத்துக்கு போர்ப்பக்கம், ட்ரிப்ல பிரஷர் நல்லா இருக்கற எடம், போதாததுக்கு பட்டி போட்ட புழுக்கை வேற. கடைசி ரகம் தென்னை நெழல்ல, ஓஸ் வாலுல, தென்னை வேரோட தண்ணிக்கும் உரத்துக்கும் சண்டை போட்டுட்டு கெடக்கும். அப்புறம் முதல் ரகம் ரெண்டு டன் எச்சா காய்ச்சுதுன்னா காய்ச்சது ரகமா எடமா? யாராலயும் சொல்ல முடியாதுங்க, நான் சொன்னாலும் நம்பாதீங்க.

அதனால மொத வேலையா, இப்ப நிக்கற பீர்க்குலயே ஒண்ணு பண்ணிப் பாருங்க. பட்டி போட்ட மூலையை விட்டுட்டு மீதிப் பந்தலை போர்ப்பக்கத்துல இருந்து தென்னைப்பக்கம் வரைக்கும் நாலு பட்டையா பிரிங்க, ஒவ்வொரு பட்டையையும் வடக்கு தெக்கா நாலு துண்டாக்குங்க, ஆக 16 துண்டு, ஒண்ணு சுமார் 3½ சென்ட் வரும். அடுத்த பறிப்புல ஒவ்வொரு துண்டுக்காயையும் தனியா தொங்கு தராசுல போட்டு எழுதுங்க. இருக்கறது ஒரே ரகம், ஒரே நாள் நட்டது, ஒரே உரம், ஆனாலும் துண்டுக்குத் துண்டு எடை ஒண்ணா இருக்காது பாருங்க. பட்டைக்குப் பட்டை மாறுறது போர், நெழல் சமாச்சாரம், அதை சமாளிக்க வழி இருக்கு. ஒரே பட்டைக்குள்ள இருக்கற நாலு துண்டும் மாறுது பாருங்க, அதுதான் உங்க மண்ணோட சேட்டை. நாளைக்கு ரெண்டு பாகல் ரகத்துக்கு நடுவுல வர்ற வித்தியாசம் அதை விட கம்மியா இருந்தா வித்தியாசமே இல்லைன்னு எடுத்துக்கோணும். இதை எந்தக் கம்பெனி ஆளும் உங்களுக்கு சொல்ல மாட்டாரு, பைசா செலவில்லாத வேலை, பறிக்கற காயை எப்படியும் எடை போடத்தானே போறீங்க.

பாகல் போடறப்ப அதே 16 துண்டுதான். மூணு புது ரகம், நாலாவதா நீங்க நாலு வருசமா போடற பழைய ரகம். பழசு இல்லாம ட்ரையல் போட்டா அர்த்தமே இல்லீங்க, மூணுல ஒண்ணு ஜெயிக்கத்தான் செய்யும், ஆனா அது உங்க பழசை விட மட்டமா இருந்தா? ஒவ்வொரு பட்டைலயும் நாலு ரகமும் ஒருக்கா வரோணும், எது எந்தத் துண்டுக்குன்னு பட்டைக்கு ஒருக்கா சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்க. நீங்களா பாத்து வெச்சா மனசுக்குப் புடிச்ச ரகம் நல்ல எடத்துக்குப் போயிரும், மனுசன்னா அப்படித்தான். பட்டி மூலையில பழைய ரகத்தையே போட்டு விட்டுருங்க, அந்தக் காயை விக்கலாம், கணக்குல சேக்கப்படாது.

பந்தல் பயிர்ல தக்காளி கத்திரில இல்லாத ஒரு ரோதனை இருக்குங்க. கொடி மேல ஏறுனதும் எது எவன் வீட்டுக் கொடின்னு தெரியாது. 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளின்னா ஒரு துண்டுக்கு 45 குழி சொச்சம் வரும், அதுல ஓரத்து வரிசையை எல்லாம் விட்டுட்டு நடுவுல இருக்கற 20 குழிக்காயை மட்டும் ட்ரையல் கணக்குக்கு எடுங்க. துண்டு எல்லையில மேல கம்பியில கலர் நைலான் கயிறு கட்டிருங்க, தாண்டற கொடி நுனியை வாரம் ஒருக்கா இந்தப்பக்கமே திருப்பி விடோணும். காய் பாத்தே வெள்ளைப்பாகல் எது பச்சை எதுன்னு ஆளுங்களுக்குத் தெரியும், அதுல பிரச்சனை இல்லை, ரெண்டு பச்சை ரகம் பக்கத்துல பக்கத்துல வந்தாத்தான் வம்பு, அங்க நடுவுல ஒரு வரிசையை காலியா விட்டுருங்க. மகரந்தம் கலந்து காய் மாறிப்போயிருமான்னு சில பேரு கேப்பாங்க, அதெல்லாம் விதை எடுத்தாத்தான் கவலை, விக்கற காய்க்கு ஒண்ணும் ஆகாது.

விதையெல்லாம் ஒரே நாள் ஊனோணும், பாலித்தீன் பாக்கெட்ல கொஞ்சம் எச்சா நாத்து போட்டு வெச்சு, முளைக்காம போன குழியை பத்து நாளுக்குள்ள நெரப்பிருங்க. உரம், மருந்து, பொண் பூ எச்சா வர்றதுக்கு எத்ரல் அடிக்கறதா இருந்தா அதுவும், நாலு ரகத்துக்கும் ஒரே நாள்ல ஒரே அளவுதான். கம்பெனி ஆளு வந்து "எங்க ரகத்துக்கு மட்டும் இந்த டானிக்கை அடிங்க, ஃப்ரீதான்"னு குடுப்பாரு, வாங்கி தென்னைக்கு ஊத்துங்க. பறிப்பு ஒரே நாள்ல முடியலைன்னா ஒரு பட்டையை முழுசா முடிச்சுட்டு நிறுத்தோணும், பாதிப் பட்டைல நிறுத்தப்படாது, பாகல் ஒரு நாள் தள்ளிப் பறிச்சாலே எடை ஏறிரும், இன்னொரு நாள் போனா மஞ்சளாயிரும். பறிக்கற ஆளையும் அதே மாதிரி, ஒரு பட்டைக்கு ஒரே ஆளுங்க.

கணக்கு எப்படிப் பாக்கறதுன்னு ஒரு பேச்சுக்கு சொல்றேன், நெஜ எடை இல்லீங்க. எட்டு பறிப்பு சேத்து போர்ப்பக்கத்துல இருந்து வரிசையா பழைய ரகம் 90, 85, 70, 65 கிலோ. புதுசு ஒண்ணு 96, 90, 78, 73. இன்னொரு புதுசு 104, 98, 62, 58. சராசரி பாத்தா பழசு 77½, மத்தது ரெண்டும் 84¼, 80½, ரெண்டுமே பழசை ஜெயிச்ச மாதிரி தெரியும். ஆனா முதல் புதுசு நாலு பட்டைலயும் ஜெயிச்சிருக்கு. ரெண்டு ரகமும் நெஜத்துல ஒண்ணுதான்னா இந்தப் புதுசு இப்படி நாலு தடவையும் சும்மா அதிர்ஷ்டத்துல ஜெயிக்க பதினாறுல ஒரு வாய்ப்புதான், அதனால ஓரளவு நம்பலாம். ரெண்டாவது புதுசு தண்ணி நல்லா கெடைக்கற எடத்துல ராசா, கடைசிப் பக்கம் போனா படுத்துருது. உங்க 2 ஏக்கருக்கும் தண்ணி தாராளம்னா அது வேற பேச்சு, போர் சித்திரை வைகாசில வத்தற போர்னா அதை தொடாதீங்க. 20 சென்ட் துண்டா போட்டிருந்தா இது தெரிஞ்சிருக்குமா?

இனி எடை மட்டும் பத்தாது, காசுதான் கணக்கு. ஒவ்வொரு பறிப்புலயும் முதல் தரம், ரெண்டாம் தரம், கழிவுன்னு பிரிச்சு எடை எழுதி, பக்கத்துலயே அன்னைக்கு மண்டி ரேட்டை எழுதி வெய்யுங்க. ஒட்டன்சத்திரம் காய் பெரும்பாலும் கேரளாவுக்குப் போற காய், லோடு ஏறி மறுநாள் எறங்கறப்ப பழுத்துப் போயிருந்தா அடுத்த தடவை உங்க பேருக்கு ரேட்டு எறங்கிரும். அதனால ரகத்துக்கு பத்து காயை சாளைல நெழல்ல வெச்சு எத்தனை நாள்ல மஞ்சளாகுதுன்னு பாருங்க. யாவாரிகிட்ட நாலு ரகத்தையும் பேரு சொல்லாம காட்டி எதை எடுப்பீங்கன்னு கேளுங்க, அவரு கை எதுக்குப் போகுதோ அதுக்கு எடை கொஞ்சம் கம்மியா இருந்தாலும் மதிப்பு இருக்கு. பொடிக்காய் ரகம்னா பறிக்கற கூலி கிலோவுக்கு ஏறும், இதை எல்லாரும் மறந்துடறாங்க.

அப்புறம், ஒரு பட்டத்தோட முடிவு பண்ணாதீங்க. தைப்பட்டத்துல வெயிலு, சாறு உறிஞ்சற பூச்சி, வைரஸ், இதுல எது தாங்குதுன்னுதான் தெரியும். வைரஸ் வந்த கொடியை பிடுங்கறப்ப எந்த ரகம் எந்தத் தேதின்னு எண்ணி எழுதுங்க. ஆடிப்பட்டத்துல பாலக்காட்டு கணவாய்க் காத்து, அதுக்கப்புறம் ஐப்பசி மழைல அடிச்சாம்பல் நோய், அது வேற பரீட்சை. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல ஒரு ரகம் வெளியிடறதுக்கு முன்னாடி பல எடத்துலயும் விவசாயி தோட்டத்துலயும் போட்டுப் பாத்துதான் விடறாங்க, சும்மா இல்லை. தைல மட்டமா வந்த ரெண்டைக் கழிச்சுட்டு மீதி ரெண்டை ஆடில மறுக்கா போடுங்க, அப்புறம் 2 ஏக்கர் யோசிக்கலாம்.

பீர்க்கும் பாகலும் ஒரே குடும்பம்ங்கறதால கொடியை அறுத்து வெளிய கொண்டு போயி எரிச்சுருங்க, விழுந்த சொத்தைக் காயைப் பொறுக்கி ஆழமா புதைச்சுட்டு மண்ணைக் கொத்தி காய விடுங்க, பழ ஈ கூட்டுப்புழு மண்ணுக்குள்ளதான் இருக்கும். பூ வர்றதுக்கு முன்னாடியே பழ ஈயை இழுத்துப் புடிக்கற கியூலூர் பொறி தொங்கிரோணும், ட்ரையல் துண்டு எல்லாத்துக்கும் பொதுவா.

விதை வாங்கறப்ப பில்லு கேட்டு வாங்குங்க, லாட் நம்பர் இருக்கற காலி பாக்கெட்டை ரகம் வாரியா ஒரு கவர்ல போட்டு பில்லோட சேத்து வெச்சிருங்க. முளைப்பு சரியில்லைன்னு புகார் குடுக்கப் போனா அதுதான் முதல்ல கேப்பாங்க.